‘சாக்லேட் நகரம்’ நிறம் மாறிய கதை: வாஷிங்டனில் வீடு, இனம், வர்க்கம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மக்கள்தொகை 2000-ஆம் ஆண்டில் 5.72 லட்சமாக இருந்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 6.89 லட்சமாக உயர்ந்தது. ஆனால், இதே 20 ஆண்டுகளில் அந்நகரில் வசிக்கும் கறுப்பினத்தவரின் எண்ணிக்கை சுமார் 57 ஆயிரம் குறைந்தது. நகரம் வளர்ந்தது, அந்நகருக்கு அடையாளம் தந்த மக்கள் குறைந்தனர்.

அமெரிக்கப் பெருநகரங்களில் முதன்முதலாகக் கறுப்பினத்தவர் பெரும்பான்மை பெற்ற நகரம் வாஷிங்டன். 1957-இல் அந்த நிலையை எட்டிய நகரில், 1970-இல் அவர்களின் விகிதம் 71 சதவீதமாக இருந்தது. ‘சாக்லேட் நகரம்’ என்று அங்குள்ளவர்கள் பெருமையுடன் சொல்லிக்கொண்டனர். 1975-இல் ‘பார்லிமென்ட்’ இசைக்குழு அதே பெயரில் ஓர் இசைத்தொகுப்பையும் வெளியிட்டது. 2011-ஆம் ஆண்டுவாக்கில் கறுப்பினத்தவரின் விகிதம் 50 சதவீதத்துக்கும் கீழே சென்றது. 2020-இல் அது சுமார் 41 சதவீதம்.

இந்த மாற்றத்தை விளக்க அமெரிக்க ஊடகங்கள் பயன்படுத்தும் சொல் ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’. நியூயார்க்கின் ஹார்லெம், சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதி, போர்ட்லாந்தின் ஆல்பைனா என எந்த நகரைப் பற்றிய விவாதத்திலும் இச்சொல் இடம்பெறுகிறது. வாஷிங்டனில் இதன் முழு வரலாறும் சில தெருக்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

லண்டனில் பிறந்த சொல்

இச்சொல்லை உருவாக்கியவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரூத் கிளாஸ். லண்டனில் தொழிலாளர்கள் வசித்த பழைய வீடுகளை நடுத்தர வர்க்கத்தினர் வாங்கிப் புதுப்பித்துக் குடியேறுவதையும், பழைய குடியிருப்போர் படிப்படியாக வெளியேறுவதையும் 1964-இல் அவர் இச்சொல்லால் குறித்தார். ‘ஜென்ட்ரி’ என்பது இங்கிலாந்தின் நிலவுடைமை மேட்டுக்குடியினரைக் குறிக்கும். தமிழில் ‘மேட்டுக்குடியாக்கம்’ எனலாம். கிளாஸின் சொல்லில் ஏளனத் தொனியும் உண்டு.

1979-இல் புவியியலாளர் நீல் ஸ்மித் இதற்குப் பொருளாதார விளக்கம் ஒன்றை முன்வைத்தார். ஒரு மனையிலிருந்து இப்போது கிடைக்கும் வருவாய்க்கும், அதையே வேறு வகையில் பயன்படுத்தினால் கிடைக்கக்கூடிய வருவாய்க்கும் இடையிலான இடைவெளி பெருகும்போது முதலீடு அங்கே பாய்கிறது என்பது அவரது வாதம். அதாவது, ஒரு பகுதி மேட்டுக்குடியாக வேண்டுமானால் முதலில் அது மலிவாக வேண்டும். அமெரிக்காவில் எந்தப் பகுதி மலிவாகும் என்பதைச் சந்தை மட்டும் தீர்மானிக்கவில்லை. அரசும் நீதிமன்றங்களும் சேர்ந்தே தீர்மானித்தன. அதற்கான அளவுகோல் இனம்.

பத்திரத்தில் எழுதப்பட்ட தடை

வாஷிங்டனின் வடமேற்கில் உள்ள புளூமிங்டேல் பகுதியில் பிரையன்ட் தெரு என்றொரு தெரு உண்டு. அங்கிருந்த வரிசை வீடுகள் பலவற்றின் பத்திரங்களில் 1906-இல் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. வீட்டைக் கறுப்பினத்தவருக்கு ஒருபோதும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மீறினால் 2,000 டாலர் அபராதம். அந்தத் தொகை வீட்டின் மீதே பற்றாக நிற்கும். இத்தகைய நிபந்தனைகள் அக்காலத்தில் நாடெங்கும் வழக்கத்தில் இருந்தன.

1940-களில் ஜேம்ஸ் ஹர்ட், மேரி ஹர்ட் தம்பதி இத்தெருவில் ஒரு வீட்டை வாங்கினர். அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். தாம் கறுப்பினத்தவரே அல்ல, மோஹாக் பூர்வகுடியினர் என்று ஜேம்ஸ் ஹர்ட் வாதிட்டார். ஒருவர் எந்த இனம் என்பதை நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்த பிறகே அவர் தம் வீட்டில் வசிக்கலாமா என்பது தெரியும் என்ற நிலை. கீழ் நீதிமன்றங்கள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தன.

வழக்கை உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். பின்னாளில் உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலின் ஆசான் இவர். செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்த ‘ஷெல்லி எதிர் கிரேமர்’ வழக்குடன் ‘ஹர்ட் எதிர் ஹாட்ஜ்’ வழக்கிலும் 1948 மே மாதம் தீர்ப்பு வெளியானது. இத்தகைய இனத்தடைகளை நீதிமன்றங்கள் மூலம் நடைமுறைப்படுத்த முடியாது என்று உச்சநீதிமன்றம் அறிவித்தது. ஒன்பது நீதிபதிகளில் மூவர் விசாரணையிலிருந்து விலகியிருந்தனர். காரணத்தை அவர்கள் தெரிவிக்கவில்லை. அவர்களின் சொந்த வீட்டுப் பத்திரங்களிலேயே இத்தகைய தடை இருந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து.

பத்திரத் தடை வலுவிழந்தபோதும் கடன் தடை நீடித்தது. 1934-இல் தொடங்கப்பட்ட மத்திய வீட்டுவசதி நிர்வாகம், வங்கிகள் வழங்கும் வீட்டுக் கடன்களுக்கு அரசுக் காப்பீடு அளித்தது. குறைந்த முன்பணம், நீண்ட தவணை என்ற வசதியால் பல லட்சம் நடுத்தரக் குடும்பங்கள் சொந்த வீடு பெற்றன. ஆனால், கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதிகளை அந்நிர்வாகம் ஆபத்தானவை என்று ஒதுக்கியது. பத்திரங்களில் இனத்தடை சேர்ப்பதை அதன் கையேடே பரிந்துரைத்தது. 1930-களில் மற்றொரு மத்திய அமைப்பு 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, கடன் வழங்க ஆபத்தானவை எனக் கருதிய பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியது. ‘ரெட்லைனிங்’ என்ற சொல் இவ்வழக்கத்தையே குறிக்கிறது.

வெள்ளையினக் குடும்பங்கள் அரசுக் காப்பீடு பெற்ற கடனுடன் புறநகருக்குச் சென்றன. கறுப்பினக் குடும்பங்களில் பல நகருக்குள் வாடகைக்கு இருந்தன. அரை நூற்றாண்டு கழித்து நகரின் மனை விலை உயர்ந்தபோது யார் கையில் பத்திரம் இருக்கும் என்பது அப்போதே பெருமளவு முடிவாகிவிட்டது.

எரிந்த தெரு

ஷா பகுதியும் அதை ஒட்டிய யூ தெருவும் அந்நகரக் கறுப்பினத்தவரின் மையம். இசைமேதை டியூக் எலிங்டன் வளர்ந்தது இங்குதான். திரையரங்குகளும் இசைக்கூடங்களும் நிறைந்த யூ தெரு ‘கறுப்பு பிராட்வே’ எனப் பெயர் பெற்றது. அருகில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் கறுப்பின அறிவாளர்களின் நாற்றங்கால். தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஷியாமளா கோபாலனின் மகளும் அமெரிக்க முன்னாள் துணை அதிபருமான கமலா ஹாரிஸ் 1986-இல் பட்டம் பெற்றது இங்கே என்பது குறிப்பிடத்தக்கது. வெள்ளையினத்தவரின் கடைகளும் உணவகங்களும் கறுப்பினத்தவருக்கு மூடப்பட்டிருந்ததால் மருத்துவர், வழக்கறிஞர், வணிகர், கூலித்தொழிலாளி என அனைவரும் ஒரே வட்டாரத்தில் வாழவேண்டியிருந்தது. இப்பகுதியின் செழிப்புக்கு அந்த ஒதுக்கலும் ஒரு காரணம்.

1968 ஏப்ரல் 4-ஆம் தேதி இரவு மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி பரவியதும், 14-ஆம் தெருவும் யூ தெருவும் சந்திக்கும் இடத்தில் கலவரம் வெடித்தது. 13 பேர் உயிரிழந்தனர். 6 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கைது செய்யப்பட்டனர். சுமார் 1,200 கட்டடங்கள் எரிந்தன. ஒரு வாரத்துக்குப் பின், ஏப்ரல் 11-ஆம் தேதி, வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது.

சட்டம் வந்தது, முதலீடு வரவில்லை. எரிந்த மனைகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காலியாகக் கிடந்தன. வசதியுள்ள கறுப்பினக் குடும்பங்களும் புதிய சட்டம் திறந்துவிட்ட வழியில் புறநகருக்குக் குடிபெயர்ந்தன. எஞ்சியவர்களுக்கு உதவியது அரசு மானியம்; அதைக் கொண்டு தேவாலயங்களும் பிறரும் கட்டிய குறைந்த வாடகைக் கட்டடங்கள் பல இப்பகுதியில் எழுந்தன. பின்னாளில் இக்கட்டடங்களே ஏழைகள் இங்கு தங்கியிருக்கக் காரணமாயின.

மெட்ரோவும் வரிச் சலுகையும்

மாற்றம் அரசுப் பணத்துடனேயே தொடங்கியது. 1986-இல் 14-ஆம் தெரு சந்திப்பில் மாநகர அலுவலகக் கட்டடம் திறக்கப்பட்டது. 1991-இல் யூ தெருவுக்கு மெட்ரோ ரயில் வந்தது. 1997-இல், வாஷிங்டனில் முதன்முறை வீடு வாங்குவோருக்கு 5,000 டாலர் மத்திய வரிச் சலுகை அறிவிக்கப்பட்டது. திவால் நிலையின் விளிம்பில் இருந்த மாநகராட்சி, வரி செலுத்தும் குடிமக்களைத் தேடியது. பத்தாண்டுகளில் ஒரு லட்சம் புதிய குடியிருப்போரை ஈர்ப்பதே இலக்கு என்று மேயர் அந்தோணி வில்லியம்ஸ் 2003-இல் அறிவித்தார். அவரும் கறுப்பினத்தவரே. அதே ஆண்டில் ஷா பகுதியில் புதிய மாநாட்டு மையம் திறக்கப்பட்டது.

வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பட்டதாரிகள். அரசுத் துறைகளிலும், அரசு ஒப்பந்த நிறுவனங்களிலும், சட்ட அலுவலகங்களிலும் பணிபுரிபவர்கள். இவர்களில் வெள்ளையினத்தவர் அதிகம். அலுவலகத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ செல்லும் தொலைவில் நூறாண்டுப் பழைமையான அழகிய வரிசை வீடுகள் புறநகரைவிட மலிவாகக் கிடைத்தன. ஷா, யூ தெரு பகுதியை ஆய்வு செய்து ‘கப்புச்சினோ நகரம்’ என்ற சொல்லை முன்வைத்த ஆய்வாளர் டெரெக் ஹைரா, 1970-இல் அங்கு சுமார் 90 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர் 2010-இல் சுமார் 30 சதவீதமாகக் குறைந்ததைப் பதிவு செய்துள்ளார்.

வெளியேற்றப்பட்டார்களா, வெளியேறினார்களா?

இங்குதான் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு தொடங்குகிறது. 2000 முதல் 2013 வரை மேட்டுக்குடியாக்கத்தின் விகிதம் அமெரிக்க நகரங்களிலேயே வாஷிங்டனில்தான் அதிகம் என்றும், அங்கு 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இடம்பெயர்ந்தனர் என்றும் தேசிய சமூக மறுமுதலீட்டுக் கூட்டமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது.

ஆனால், நியூயார்க் நகரை ஆராய்ந்த லான்ஸ் ஃப்ரீமன், ஃபிராங்க் பிராக்கோனி ஆகியோர் 2004-இல் எதிர்பாராத முடிவை வெளியிட்டனர். மேட்டுக்குடியாகும் பகுதிகளில் வசிக்கும் ஏழைகள், பிற பகுதிகளில் வசிக்கும் ஏழைகளைவிட அதிகமாக வீடு மாறுவதில்லை என்பதே அது. பிலடெல்பியா மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் 2016-இல் இதற்கு ஒரு திருத்தம் சேர்த்தனர்: வெளியேறுவோர் எண்ணிக்கை பெரிதாக உயராவிட்டாலும், கடன் தகுதி குறைந்தவர்கள் வெளியேறும்போது முன்பைவிட மோசமான பகுதிகளுக்கே செல்கின்றனர்.

இரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினாலும் அப்படியல்ல. அமெரிக்காவில் வாடகைதாரர்கள் எப்போதுமே அடிக்கடி வீடு மாறுபவர்கள். முன்பு ஓர் ஏழைக் குடும்பம் காலி செய்த வீட்டுக்கு மற்றோர் ஏழைக் குடும்பம் வந்தது. இப்போது அந்த வாடகையைத் தரக்கூடியவர் மட்டுமே வருகிறார். ஒருவரையும் தெருவில் தள்ளாமலேயே பத்தாண்டுகளில் ஒரு தெருவின் முகம் மாறிவிடும். கணக்கெடுப்பில் அது வெளியேற்றமாகத் தெரியாது. ஆனால், திருமணமாகித் தனிக்குடித்தனம் தொடங்கும் மகள் தாய்வீட்டுத் தெருவில் வீடு பிடிக்க முடியாது.

சொந்த வீடு வைத்திருந்தவர்களின் நிலை வேறு. விலை உயர்வு அவர்களுக்கு ஆதாயம். சிலர் நல்ல விலைக்கு விற்றுப் புறநகரில் பெரிய வீடு வாங்கினர். அவர்களையும் ‘இடம்பெயர்ந்தோர்’ பட்டியலில் சேர்ப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. சிக்கல், அத்தகையோர் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பதே. அர்பன் இன்ஸ்டிட்யூட் ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, வாஷிங்டன் பகுதியில் வெள்ளையினக் குடும்பம் ஒன்றின் நிகரச் சொத்து 2,84,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 3,500 டாலர். 81 மடங்கு வேறுபாடு.

இசைக்கு எதிரான புகார்

வீட்டைத் தக்கவைத்துக்கொண்டவர்களும் வேறொன்றை இழப்பதாகக் கூறுகின்றனர். தெருவின் பழக்கவழக்கங்களை யார் தீர்மானிப்பது என்பது பற்றியது அது.

ஷா பகுதியில் செல்போன் கடை ஒன்று 1990-கள் முதல் வாசலில் ஒலிபெருக்கி வைத்து ‘கோ-கோ’ இசையை ஒலிக்கச் செய்துவந்தது. 1970-களில் சக் பிரவுன் உருவாக்கிய, இடைவிடாத தாளக்கட்டு கொண்ட இந்த இசை வாஷிங்டனுக்கே உரியது. 2019 ஏப்ரலில், அருகில் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் புகார் அளித்ததை அடுத்து ஒலிபெருக்கி நிறுத்தப்பட்டது. ‘வாஷிங்டனின் வாயை மூடாதே’ என்ற பொருள்படும் முழக்கத்துடன் போராட்டம் வெடித்தது. இசைக்குழுக்கள் தெருவுக்கே வந்து வாசித்தன, ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சில நாள்களில் இசை மீண்டும் ஒலித்தது. 2020-இல் கோ-கோவை நகரின் அதிகாரப்பூர்வ இசையாக அறிவிக்கும் சட்டத்தில் மேயர் மியூரியல் பௌசர் கையெழுத்திட்டார்.

அதே மாதத்தில் ஹோவர்டு பல்கலைக்கழக வளாகத்தில் அக்கம்பக்கத்தார் நாய்களை நடத்திச்செல்வதற்கு மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பிடிக்கவில்லையென்றால் பல்கலைக்கழகத்தை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு குடியிருப்பாளர் தொலைக்காட்சியில் கூறியது கொதிப்பை ஏற்படுத்தியது. 1867-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அது.

சைக்கிள் பாதைகள்கூட இனப் பிரச்சினையாயின. 6-ஆம் தெருவில் சைக்கிள் பாதை அமைக்கும் திட்டத்தை 2015-இல் அங்குள்ள ஒரு கறுப்பினத் தேவாலயம் எதிர்த்தது. புறநகருக்குச் சென்றுவிட்ட உறுப்பினர்கள் ஞாயிறுதோறும் காரில்தான் வழிபாட்டுக்கு வருகிறார்கள், காரை எங்கே நிறுத்துவது என்பது அவர்களின் கவலை. சைக்கிள் பாதை எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால், பல ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காத வசதிகள் புதியவர்கள் வந்ததும் விரைந்து கிடைப்பதைப் பார்க்கும் பழையவர்களுக்கு அது வெறும் பாதையாகத் தோன்றவில்லை.

எல்லாம் இனம் மட்டுமல்ல

இவ்விவகாரத்தைக் கறுப்பு, வெள்ளை என்று மட்டும் பார்ப்பது முழுமையான சித்திரம் ஆகாது. நகரின் எல்லையை ஒட்டியுள்ள மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்ட்டி, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் அமெரிக்கக் கவுன்ட்டிகளில் மிகுந்த வசதி கொண்டவற்றுள் ஒன்று. வாஷிங்டனிலிருந்து சென்ற நடுத்தர வர்க்கத்தினர் அதன் வளர்ச்சிக்கு முக்கியக் காரணம். அவர்களைத் துரத்தியது விலை உயர்வல்ல; நல்ல பள்ளி, தோட்டத்துடன் கூடிய வீடு, குற்றம் குறைந்த தெரு ஆகியவற்றைத் தேடிச் சென்றனர்.

சிகாகோவின் நார்த் கென்வுட்–ஓக்லாந்து பகுதியில் இன்னொரு காட்சியைச் சமூகவியலாளர் மேரி பட்டில்லோ 2007-இல் வெளியான தம் நூலில் விவரித்தார். அங்கு வந்து வீடு வாங்கிய மேட்டுக்குடியினரே கறுப்பினத்தவர்கள். தம் இனத்தவர் வாழும் பகுதியை உயர்த்துவது கடமை என்று கருதிய அவர்கள், அங்கிருந்த அரசுக் குடியிருப்புகளின் ஏழைகள் வாசலில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவதையும் தெருவில் கூடி நிற்பதையும் விரும்பவில்லை. தோலின் நிறம் ஒன்றாக இருந்தும் வர்க்கம் குறுக்கே நின்றது.

வாடகைதாரருக்கு முதல் உரிமை

வாஷிங்டனில் 1980-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று பிற நகரங்களால் கவனிக்கப்படுகிறது. ஒரு வாடகைக் கட்டடத்தை உரிமையாளர் விற்க முன்வந்தால், அதை வாங்கும் முதல் வாய்ப்பை அங்கு வசிப்போருக்கே தர வேண்டும் என்பது அது. வாடகைதாரர்கள் சங்கம் அமைத்து, மாநகராட்சிக் கடனுதவியுடன் கட்டடத்தை வாங்கிக் கூட்டுறவாக நடத்தலாம். அல்லது தங்களுக்கு உகந்த நிபந்தனைகளை ஏற்கும் ஒரு நிறுவனத்துக்கு அவ்வுரிமையை மாற்றித் தரலாம். கையில் பத்திரம் இல்லாதவருக்கும் பேரத்தில் ஓர் இடம் தருவதே இதன் பலம்.

ஓட்டைகளும் உண்டு. சீன முதியோர் பலர் வசித்த சைனாடவுன் கட்டடம் ஒன்றை இடிக்க விரும்பிய உரிமையாளர், சுமார் 300 வீடுகளைக் கொண்ட அக்கட்டடத்துக்கு 2014-இல் வாடகைதாரர்களிடம் கேட்ட விலை 25 கோடி டாலர். இது உண்மையான விற்பனை முன்வரவு அல்ல என்று கூறி அவர்கள் நீதிமன்றத்தை நாடி வென்றனர். 2018-இல் தனி வீடுகளுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

ஆற்றுக்கு அப்பால்

அனகோஸ்டியா ஆற்றின் கிழக்குக் கரைதான் இப்போது நகரின் ஏழைக் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதி. அங்கு 1854-இல் உருவான யூனியன்டவுன் குடியிருப்பு, தொடக்கத்தில் கறுப்பினத்தவருக்கு மனை விற்கத் தடை விதித்திருந்தது. அடிமைமுறையிலிருந்து தப்பிவந்த பேச்சாளர் ஃபிரடெரிக் டக்ளஸ் 1877-இல் அங்கேயே குன்றின் மீதிருந்த வீட்டை வாங்கினார்.

அவர் பெயரில் அமைந்த நில அறக்கட்டளை ஒன்று இப்போது அப்பகுதியில் செயல்படுகிறது. பழைய பாலத்தின் தூண்கள் மீது ஆற்றின் குறுக்கே பூங்கா அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டதும், அதனால் மனை விலை உயரும் என்று கணித்த திட்டக்குழுவினர், பூங்காவுக்கு முன்பே குடியிருப்போரின் வீட்டுரிமைக்கு வழிதேடினர். நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம். வீடு மட்டும் வாங்குபவருக்குச் சொந்தம். விற்கும்போது விலைக்கு வரம்பு உண்டு என்பதால் அடுத்து வாங்குபவருக்கும் அது எட்டும் விலையிலேயே இருக்கும். வாங்கியவருக்குக் கிடைக்கும் லாபமும் அந்த அளவுக்குக் குறையும். சொத்துச் சேர்ப்பில் ஏற்கெனவே பின்தங்கியவர்களிடமே லாபத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வது முறையா என்ற கேள்வி, இத்தகைய திட்டங்களைப் பற்றிய விவாதங்களில் தொடர்ந்து எழுப்பப்படுகிறது.